சிந்தாமணியைக் காத்த சைவர்

(மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் வரலாறு)



கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் அருகே யாம் வாழ்ந்து வருகின்றோம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரொன்றில் பிறந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரத்துப் பள்ளிகளில் சிறுவர்க்கு எழுத்தறிவித்து ஓய்வு பெற்றோம். தொழிற்பேட்டை வளர வளர இங்கு வந்து குடியேறிய மக்களின் தொகையும் வளர்ந்தது. இரும்பு உருக்காலைகளிலும் பிற ஆலைகளிலும் பணிபுரியத் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும், ஆந்திரம், ஒடிசா, பீகார், வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். இங்குள்ள நம் சமணக் குடும்பங்களும் பிழைப்பை நாடி இவ்வாறு வந்தவையே ஆகும். பிறந்த ஊரில் ஜினாலயமும் உறவும் சூழ வாழ்ந்தவர்கள், இங்கே பிற சமயத்தார் நடுவே ஓரிரு வீட்டினராக வாழ்கின்றோம். வாடகைக்கு வீடு தேடி அலைந்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு.

2019 ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். எம் நெருங்கிய உறவினர் ஒருவர் தம் வீட்டு மாடிப் பகுதியை வாடகைக்கு விட எண்ணியிருந்தார். பீகாரிலிருந்து வந்து ஆலையொன்றில் பணிபுரிந்த இசுலாமிய இளைஞர் ஒருவர் முன்பணமும் கொடுத்துவிட்டார். அவருடைய மனைவியும் ஐந்து வயதுப் பெண் குழந்தையும் ஊரிலிருந்து வருவதாக இருந்தது. அக்குழந்தைக்குத் தமிழ் எழுத்துக் கற்பிப்பதாக யாம் வாக்களித்திருந்தோம். சிலேட்டு ஒன்றும் வாங்கி வைத்திருந்தோம்.

அந்த வேளையில், ஏப்ரல் 21 ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, இலங்கையில் கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய ஊர்களின் தேவாலயங்களிலும், கொழும்பு நகர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. வழிபட வந்த கிறித்தவர்கள் உள்ளிட்ட 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இசுலாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட தீவிரவாதக் கும்பலொன்று செய்த கொடுமை அது. அடுத்த வாரமே எம் உறவினர் அவ்விளைஞரை அழைத்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் பழுது பார்க்கும் வேலை இருப்பதாகக் காரணம் சொன்னார். உண்மைக் காரணம் இன்னதென்பதை அந்த இளைஞர் அறிந்துகொண்டார் என்பதை அவர் முகமே காட்டிற்று. யாம் அவ்விடத்திலேயே அமர்ந்திருந்தோம். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வேற்றுச் சமயத்தார் ஒருவர் நம்மவர் வீட்டு வாயிலில் வந்து நின்ற மற்றொரு நாள் நினைவுக்கு வந்தது. கும்பகோணத்தில் நிகழ்ந்தது அது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அன்று வந்து நின்றவர் ஒரு சைவர். சைவ மடத்தின் அன்னம் உண்டு வளர்ந்தவர். நம் முன்னோர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பியிருப்பின் சீவக சிந்தாமணி இன்று நம் கையில் இருக்கும் வடிவில் இருந்திராது. அவர்தாம் தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் உ. வே. சாமிநாதையர் ஆவார். அவர் வரலாற்றை நம் இளைஞர்கள் ஒருமுறை கருத்தூன்றிப் படித்தல் நலம் என்னும் எண்ணத்தால் இதனை எழுதுகின்றோம்.

சைவச் சூழலில் பிறப்பும் கல்வியும்

தஞ்சைத் தரணியில் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஐயரவர்கள் 1855 ஆம் ஆண்டு பிப்ரவரி 19 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லவர். இராமாயணம் முதலிய கதைகளைப் பாடிப் பொருள் சொல்லிக் குடும்பத்தைக் காத்தவர். வறுமை அக்குடும்பத்தின் நிலையான உறவினராக இருந்தது. மகனுக்குத் தமிழ் மீது இருந்த தணியாத வேட்கையைக் கண்ட தந்தையார், ஊர் ஊராக அழைத்துச் சென்று ஆசிரியர்களிடம் பாடம் கேட்கச் செய்தார்.

1871 இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தது அவர் வாழ்வின் முதல் திருப்பம். வேங்கடராமன் என்று வழங்கிய பெயரைச் சாமிநாதன் என மாற்றியவரும் அந்த ஆசிரியரே. பிள்ளையவர்கள் திருவாவடுதுறை ஆதீனத்தின் மகாவித்துவான். திருநீறும் உருத்திராக்கமும் விளங்க, தலபுராணங்களை மளமளவென்று பாடிய பெரும் சைவர். ஆயினும் அவரிடம் பாடம் கேட்டோர் வரிசையில் கிறித்தவராகிய சவராயலு நாயகரும் இருந்தார். நாகூர் குலாம் காதிறு நாவலரும் இருந்தார். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை அவருக்கு உயிர் நண்பர். அந்நண்பர்மீது குளத்தூர்க் கோவை என்னும் நூலையே அவர் பாடினார். தம் சமயத்தில் ஊன்றி நின்ற ஒருவர், பிற சமயத்தாரிடம் அன்பு செலுத்துவதற்கு அவ்வூன்றுதல் தடையாக இல்லை. இளம் சாமிநாதர் தம் ஆசிரியரிடம் ஏட்டுப் பாடத்தோடு சேர்த்துக் கண்ட பாடம் இது.

எனினும் அக்காலச் சைவச் சூழலில் சமணரைப் பற்றி ஒரு மாணவன் என்ன கேட்டு வளர்ந்திருப்பான் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருஞானசம்பந்தரின் தேவாரப் பதிகங்களில் பத்தாம் பாட்டுச் சமணரையும் சாக்கியரையும் பழிப்பதாக அமைவது வழக்கம். பெரியபுராணத்திலோ மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதை வருகிறது. சோழ மன்னன் சிந்தாமணியைச் சுவைத்துக் கொண்டிருந்ததைக் கண்டு வருந்திய சேக்கிழார், அவனை அதிலிருந்து மீட்கவே திருத்தொண்டர் வரலாற்றை எடுத்துரைத்தார் என்று சேக்கிழார் புராணம் கூறும். ஆகவே சமணர் என்ற சொல்லே வசைச் சொல்லாகவும், சிந்தாமணி என்ற பெயரே விலக்கத்தக்கதாகவும் பலர் செவியில் விழுந்த காலம் அது. அப்படிக் கேட்டு வளர்ந்தோர் அனைவரும் கொடியவர் அல்லர். சமணர் ஒருவரை நேரில் கண்டு பேசும் வாய்ப்பே பெறாதவர்கள் அவர்கள். முன்முடிபு என்பது பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது.

முன்சீப் எழுப்பிய வினா

1876 பிப்ரவரியில் பிள்ளையவர்கள் மறைந்தார். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சாமிநாதரைத் தம் மகனைப்போல் ஆதரித்து மடத்திலேயே இருக்கச் செய்தார். 1880 இல், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்திற்கு இவரே தக்கவர் என்று பரிந்துரைத்து அமரச் செய்தார்.

அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியார் என்பவர் கும்பகோணத்திற்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தார். தேசிகரின் சொற்படி ஐயரவர்கள் 1880 அக்டோபர் 21 ஆம் நாள் அவரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயரவர்கள் பெருமிதத்தோடு அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பு எழவில்லை. அந்நூல்களால் என்ன பயன் என்பதே அவருடைய மறுமொழியாக இருந்தது. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் முதலியவற்றைப் படித்ததுண்டா என்று அவர் கேட்டபோது, இல்லை என்பதைத் தவிர ஐயரவர்களால் வேறொன்றும் சொல்ல இயலவில்லை. தமிழ்க்கடல் முழுவதையும் கண்டுவிட்டதாக எண்ணியிருந்தவருக்கு, கரையருகே மட்டுமே நின்றிருந்தோம் என்பது அன்று விளங்கிற்று.

முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொடுத்துப் பாடம் சொல்லும்படி கேட்டார். பிற சமயத்தார் நூல் என்று தள்ளிவிட ஐயரவர்களுக்கு அன்று நல்ல காரணம் இருந்தது. தள்ளவில்லை. திருத்தக்கதேவர் என்னும் ஜைன முனிவர் இயற்றிய அக்காப்பியம் 13 இலம்பகங்களும் 3145 செய்யுட்களும் கொண்டது. அதன் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை 1868 இல் பவர் என்னும் கிறித்தவப் பாதிரியார் அச்சிட்டிருந்தார். நூல் முழுவதும் ஏட்டுச் சுவடிகளிலேயே உறங்கியது. நச்சினார்க்கினியர் உரை இருந்தது. ஆனால் ஜைன சமயத்திற்கே உரிய சொற்களும் கொள்கைகளும் வந்த இடங்களில் உரையும் ஐயரவர்களுக்கு விளங்கவில்லை. கல்லூரியிலும் மடத்திலும் கேட்டுத் தெளிய ஆள் இல்லை.

நம்மவர் இல்லத்தில்

கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் வாழ்வதை அறிந்த ஐயரவர்கள் அவர்களைத் தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் ஆகியோரின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. அவர் சென்ற வேளையில் வீடு கோலமும் தோரணமுமாக விழாக்கோலம் பூண்டிருந்தது. இன்ன விசேடம் என்று கேட்டபோது, சிந்தாமணியை முறையாகப் படித்து வந்ததாகவும், அன்று அது நிறைவுற்றதற்கான பூசை நடப்பதாகவும் தெரிந்தது. தாம் ஓரிரு பாடல்களுக்குப் பொருள் தெரியாமல் தவித்துக் கொண்டிருந்த நூலை, அடுத்த தெருவிலேயே ஒரு குடும்பத்தார் திருநூலாக ஓதிப் பொருள் கேட்டு வருகின்றனர் என்பதை அறிந்து அவர் அடைந்த வியப்புக்கு அளவில்லை.

இங்கே வாசகர்கள் சற்று நின்று எண்ண வேண்டும். அந்த இல்லத்தாருக்கு ஐயுறுவதற்குக் காரணம் இல்லையா? வந்தவர் நெற்றியில் திருநீறு இருந்தது. கழுவேற்றக் கதையைப் பெருமையாகச் சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர் என்று எண்ணியிருக்கலாம். நம் திருநூலைக் கேலி செய்யக் குறிப்பெடுக்க வந்தாரோ என்று அஞ்சியிருக்கலாம். வீட்டில் பூசை நடக்கிறது, பிறகு வாருங்கள் என்று நயமாகச் சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. சைவர் என்னும் பொதுப் பெயரைப் பார்க்காமல், எதிரே நின்ற மனிதரின் வினாக்களைப் பார்த்தார்கள். அவ்வினாக்களில் காழ்ப்பு இல்லை, கற்கும் ஆவலே இருந்தது என்பதை உணர்ந்தார்கள்.

அதன்பின் ஐயரவர்கள் பலமுறை அங்குச் சென்று தத்துவங்களையும், தீர்த்தங்கரர் வரலாறுகளையும், வழிபாட்டு முறைகளையும், குழூஉக்குறிகளையும் கேட்டுத் தெளிந்தார். நம்மவர் அவரைப் பவ்ய ஜீவன் என்று மதித்தனர். வீடுபேறு அடைதற்குரிய தகுதி வாய்ந்த உயிரை நம் ஆகமங்கள் பவ்யம் என்று கூறும் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். சமணத்தைத் தழுவாத ஒருவரை, தழுவுமாறு கேளாமலேயே, அச்சொல்லால் மதித்த உள்ளம் எத்துணைப் பெரியது!

இதற்கு முன்னும் ஒரு செய்தி உண்டு. நச்சினார்க்கினியரும் சமணர் அல்லர். மதுரையைச் சேர்ந்த அந்தணர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமணப் பெரியோர் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சித்தாமூருக்கு வந்து நம் நூல்களைப் பயின்று உரையைத் திருத்தி எழுதினார் என்றும் ஒரு மரபுச் செய்தி வழங்குகிறது. மேல்சித்தாமூர் இன்றும் நம் மடம் விளங்கும் தலமாகும். சிந்தாமணிக்கு உரை கண்டவரும் வேற்றுச் சமயத்தார். அதை அச்சில் காத்தவரும் வேற்றுச் சமயத்தார். இருவருக்கும் பொருள் சொல்லி உதவியவர்கள் நம்மவர். இந்த உறவு நினைவிற் கொள்ளத்தக்கது.

குறைகூறியோரும் கைகொடுத்தோரும்

ஐயரவர்கள் சிந்தாமணியை அச்சிட முனைந்தபோது முணுமுணுப்பு எழுந்தது. சைவ மடத்தின் சார்பில் வளர்ந்த ஒருவர், சேக்கிழார் விலக்கிய நூலைப் பரப்பலாமா என்று சிலர் குறை கூறினர். அவர்கள் சைவத்தின் பெயரால் பேசினர். ஆனால் சைவத்தின் பெயரால் பேச அவர்களினும் உரிமை மிக்க ஒருவர் அக்காலத்தில் இருந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரே அவர். நாள்தோறும் சிவபூசை செய்து, சைவ சித்தாந்தம் போதித்து வந்த அப்பெரியார் ஐயரவர்களைத் தடுக்கவில்லை. மடத்துப் புத்தகசாலையின் ஏடுகளைக் கொடுத்து உதவினார். சமண காப்பியத்தின் ஏடு சைவ மடத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தது என்பதே எண்ணத்தக்கது. காழ்ப்பே அம்மடத்தின் இயல்பாக இருந்திருந்தால், அவ்வேடு என்றோ அடுப்பில் எரிந்திருக்கும்.

சமயப் பற்று வேறு, சமய வெறி வேறு. பற்று மிகுந்தால் அது வெறியாகிவிடும் என்று நம்மில் பலர் தவறாகக் கருதுகிறோம். தேசிகரின் வாழ்வு அதை மறுக்கிறது. குறை கூறியவர்களைவிட அவர் சைவத்தில் ஆழ்ந்தவர். அவ்வாழமே அவருக்கு அச்சமின்மையைத் தந்தது. தம் நெறியில் உறுதியுடையவர், பிறர் நெறியின் நூலைக் கண்டு நடுங்குவதில்லை.

ஊர் ஊராக ஏடு தேடியும், பிரதிகளை ஒப்பிட்டும், கையொப்பக்காரர்களிடம் பொருள் திரட்டியும், இரவு பகலாக உழைத்த ஐயரவர்கள் 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார். அவர் பதிப்புப் பணியின் பெருவாயிலாக அமைந்தது சமணப் பெருங்காப்பியமே. அடுத்த ஆண்டில் தேசிகர் மறைந்தார். 1889 இல் யாழ்ப்பாணத்துச் சைவராகிய சி. வை. தாமோதரம் பிள்ளை சூளாமணியைப் பதிப்பித்தார். நம் காப்பியங்கள் இரண்டை இரண்டு சைவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் உலகுக்கு அளித்தனர்.

பிற்கால வாழ்வு

அதன்பின் ஐயரவர்கள் ஓயவில்லை. 1889 இல் பத்துப்பாட்டு, 1892 இல் சிலப்பதிகாரம், 1894 இல் புறநானூறு எனத் தொடர்ந்தார். 1898 இல் பௌத்த காப்பியமாகிய மணிமேகலையை வெளியிட்டபோது, தமிழ்நாட்டில் கேட்டறியப் பௌத்தர் இல்லாத நிலையில், கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியரிடம் பௌத்த நூற்பொருளைக் கேட்டுத் தெளிந்து எழுதினார். சமணருக்குச் செய்ததையே பௌத்தருக்கும் செய்தார் எனலாம்: ஒரு சமயத்தை அதன் பகைவர் வாயால் அறியாமல், அதன் சொந்த நூல்களால் அறிதல்.

1903 இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று 1919 வரை அங்குப் பணியாற்றினார். 1906 இல் அரசினர் மகாமகோபாத்தியாயப் பட்டம் அளித்தனர். திருவல்லிக்கேணிப் பகுதியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தமக்கு வேலை வாங்கித் தந்தவரின் நினைவாகத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். சமண முனிவர் பவணந்தியின் நன்னூலைச் சமணராகிய மயிலைநாதர் உரையுடன் 1918 இலும், கொங்குவேளிரின் பெருங்கதையை 1924 இலும் பதிப்பித்தார். 1932 இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. முதுமையில் ஆனந்த விகடன் இதழில் தம் வரலாற்றை எழுதி வந்தார். கும்பகோணத்துச் சமண நண்பர்களை அதில் மறவாமல் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

உலகப் போரின் அச்சத்தால் சென்னை மக்கள் வெளியேறிய காலத்தில் திருக்கழுக்குன்றம் சென்று தங்கிய அவர், 1942 ஏப்ரல் 28 ஆம் நாள் அங்கேயே மறைந்தார். பிறந்த நாள் தொட்டு இறுதி நாள் வரை அவர் சைவராகவே வாழ்ந்தார். திருநீறு அணிவதை விடவில்லை. சிவ வழிபாட்டைக் கைவிடவில்லை. 1943 இல் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் தொடங்கிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் அவர் தேடிய ஏடுகளைக் காத்து நிற்கிறது.

நாம் கற்க வேண்டுவது

நம் இளைஞர்கள் சிலர் மதுரைக் கழுவேற்றக் கதையைச் சொல்லிச் சினம் கொள்வதைக் கேட்டிருக்கிறோம். அச்சினம் இயல்பானதே. ஆனால் அந்நிகழ்ச்சிக்குச் சமகாலச் சான்று இல்லை. அதன் உண்மையை வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். நம் முன்னோர் துன்புற்ற காலம் உண்டு என்பதை யாம் மறைக்கவில்லை. துன்புறுத்தியோர் செய்தது தவறே. அத்தவற்றை அவர்கள் கணக்கில் எழுத வேண்டும். சைவர் அனைவர் கணக்கிலும் எழுதலாகாது. எழுதினால் திருமலையில் ஜினாலயம் எழக் காரணமான சோழர்குலத்துக் குந்தவைப் பிராட்டியை எந்தக் கணக்கில் வைப்பது? ஏடு தந்த தேசிகரை எங்கே வைப்பது? ஐயரவர்களை எங்கே வைப்பது?

வாதம் செய்வதும் வெறுப்பதும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது. நம் நீலகேசி பிற சமயங்களோடு கடுமையாகவே வாதிடுகிறது. 1936 இல் அதைப் பதிப்பித்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் நம் சமுதாயத்தின் மணிவிளக்கு. கொள்கையை மறுப்பது அறிவின் செயல். கொள்கையின் பெயரைக் கொண்டு மனிதரைத் தள்ளுவது வேறு செயல்.

இனி எம் உறவினர் வீட்டு மாடிக்கு வருவோம். அவருடைய அச்சத்தை யாம் ஏளனம் செய்யவில்லை. தொலைக்காட்சியில் அக்குருதியைக் கண்ட எவருக்கும் அச்சம் வரும். எவர் எப்படிப்பட்டவர் என்று எவ்வாறு அறிவது என்று அவர் கேட்டார். இலங்கையில் நிகழ்ந்ததையே எடுத்துக் காட்டலாம். அக்கும்பலின் தலைவனாகிய சஹ்ரான் ஹாசிம் என்பவனை முதலில் எதிர்த்தவர்கள் அவனுடைய ஊராகிய காத்தான்குடியின் இசுலாமியர்களே. சூஃபி நெறியைப் பின்பற்றிய இசுலாமியர்மீது அவன் கூட்டத்தார் 2017 இல் தாக்குதல் நடத்தினர். அதன்பின் அவன் தலைமறைவானான். அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் இசுலாமியரே. குண்டு வெடித்த பின், அக்கொடியவர்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று இலங்கை உலமாக்களின் சபை அறிவித்தது. நம்பிக்கையாளருக்கும் தீவிரவாதிக்கும் நடுவே உள்ள கோட்டை அச்சமயத்தாரே தெளிவாக வரைந்து காட்டியிருக்க, அக்கோட்டை அழித்து இருவரையும் ஒன்றாக்குவது யார்? கதவைச் சாத்தும் நாம்தாம். தீவிரவாதி விரும்புவதும் அதையே. தன் சமயத்தார் அனைவருக்கும் தானே பிரதிநிதி என்று அவன் சொல்கிறான். நாம் அதை ஒப்புக்கொள்கிறோம்.

பொருளின் ஒரு பக்கத்தை மட்டும் கண்டு அதுவே முழுப்பொருள் என்று சாதிப்பதை நம் ஆசிரியர்கள் ஏகாந்தம் என்று கூறி விலக்கினர். அநேகாந்தத்தைப் பாடமாக ஓதும் நாம், ஒரு சமயத்தாரின் ஆயிரம் பக்கங்களில் குருதி தோய்ந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்து நூலையே மூடிவிடுகிறோம். அகிம்சை என்பது எறும்பை மிதியாமல் நடப்பதோடு முடிவதில்லை. குழந்தையோடு வீடு தேடி வந்தவரின் முகம் வாடும்படி செய்வதும் இம்சையே ஆகும். அதைக் கண்டும் வாய்மூடி இருந்ததும் இம்சையே. தசலட்சண பர்வத்தின் இறுதியில் எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கோருகின்றோம். ஆயின் யாம் மன்னிப்புக் கோர வேண்டிய அவ்விளைஞர் எங்கே சென்றார் என்பது எமக்குத் தெரியாது. அந்தச் சிலேட்டு எம் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

அண்மையில் அம்மாடிப் பகுதி மீண்டும் காலியாயிற்று. நல்ல குடித்தனக்காரராகப் பார்த்துச் சொல்லும்படி உறவினர் எம்மையே கேட்டார். பார்த்துச் சொல்கிறோம், ஆனால் வருபவரின் வேலை, நடத்தை, வாடகை கொடுக்கும் ஒழுங்கு ஆகியவற்றை மட்டுமே கேட்போம், பெயரைக் கொண்டு எவரையும் விலக்க மாட்டோம் என்று சொன்னோம். அவர் உடனே இசையவில்லை. கும்பகோணத்து நயினார் வீட்டுக் கதையை அவருக்குச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, வருபவரை முதலில் அழைத்து வாருங்கள், நேரில் பார்த்துப் பேசுவோம் என்றார். அவ்வளவு போதும். சந்திரநாத செட்டியாரும் அப்பாசாமி நயினாரும் செய்தது அவ்வளவே அன்றோ? வந்தவரை உள்ளே அழைத்து, அமரச் செய்து, அவர் பேசுவதைக் கேட்டார்கள்.

வாழ்க அறம்! வளர்க நல்லிணக்கம்!